புகார் எந்த வாசலுக்குப் போகிறது?
சிங்கப்பூர், ஹாங்காங் லஞ்ச ஒழிப்பு அமைப்புகள்: ஓர் ஒப்பாய்வு

கடுமையான சட்டம் இருந்தால் லஞ்சம் ஒழியும் என்பவர்கள் ஒரு கட்சி. ஆளுகிறவர்களுக்கு மனம் இருந்தால்தான் ஒழியும் என்பவர்கள் மறு கட்சி. விவாதம் முற்றும்போது இரு கட்சியாரும் சாட்சிக்கு அழைப்பது அதே இரண்டு ஊர்களைத்தான்: சிங்கப்பூர், ஹாங்காங்.

அழைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் துறைமுக நகரங்கள். இரண்டும் நீண்ட காலம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவை. சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்பவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இரண்டிலும் லஞ்சம் அன்றாட நடப்பாக இருந்தது. இன்றைய நிலை வேறு. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் 2024 ஊழல் மதிப்பீட்டுப் பட்டியலில் சிங்கப்பூர் 84 மதிப்பெண்ணுடன் 3ஆம் இடம். ஹாங்காங் 74 மதிப்பெண்ணுடன் 17ஆம் இடம். அதே பட்டியலில் இந்தியா 38 மதிப்பெண்ணுடன் 96ஆம் இடத்தில் நிற்கிறது.

இவ்வளவு ஒற்றுமை உள்ள இரண்டு ஊர்களை அருகருகே வைத்தால்தான் வேற்றுமை துலக்கமாகத் தெரியும். இரண்டின் வெற்றிக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் சகாக்கள் கையிலேயே புகார் போய்ச் சேரும் நிலையை இரண்டும் மாற்றின. அதற்காகத் திறந்த புதிய வாசலின் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதில் இரண்டும் பிரிந்தன. சிங்கப்பூர் அதை ஆட்சியின் உச்சியில் வைத்தது. ஹாங்காங் தனி ஆணையத்திடம் கொடுத்துவிட்டு, தெருவில் நடப்பவனையும் உள்ளே அழைத்தது. இரு அமைப்புகளின் பலமும் பலவீனமும் இந்தப் பிரிவிலிருந்தே தொடங்குகின்றன.

அபின் கொள்ளையும் ஓடிப்போன அதிகாரியும்

1951 அக்டோபரில் சிங்கப்பூரின் பொங்கோல் கடற்கரையில் ஒரு கொள்ளை நடந்தது. பறிபோனது சுமார் 1,800 ராத்தல் அபின். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4 லட்சம் வெள்ளி (டாலர்). விசாரித்துப் பார்த்தால் கொள்ளையர்களோடு போலீஸ் துப்பறிவாளர்களும் கைகோத்திருந்தார்கள். அக்காலத்தில் லஞ்ச வழக்குகளைக் கவனித்துவந்ததும் போலீஸுக்குள் இருந்த ஒரு சிறு பிரிவுதான். போலீஸ்காரரைப் பற்றிய புகாரைப் போலீஸ்காரரே விசாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை. 1952இல் காலனி அரசு போலீஸ் துறைக்கு வெளியே லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவை (சிபிஐபி) அமைத்தது.

தொடக்கத்தில் அது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைக் கொண்ட சிறு அலுவலகம். சட்டத்தில் அதற்கு இருந்த அதிகாரமும் குறைவு. 1959 தேர்தலில் லீ குவான் யூவின் மக்கள் செயல் கட்சி வென்று, வெள்ளைச் சீருடையில் பதவியேற்ற பிறகுதான் நிலைமை மாறியது. மறு ஆண்டே 1937ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 1960 ஊழல் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அமைப்பு பிறந்தது காலனி ஆட்சியில். அதற்குப் பல் முளைத்தது தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியில்.

ஹாங்காங்கில் இந்த விழிப்பு இருபது ஆண்டு தாமதமாக வந்தது. அதற்குள் அங்கே லஞ்சம் ஒரு தனி நிர்வாகமாகவே வளர்ந்திருந்தது. தீயணைப்பு வண்டி வந்து நின்றாலும், குழாயைத் திறக்கத் ‘தண்ணிக் காசு’ கேட்டார்கள். மருத்துவமனையில் நோயாளிக்கு ஒரு குவளை வெந்நீரோ மலச்சட்டியோ வேண்டுமென்றால் ஆயாவின் கையில் ஏதாவது வைக்க வேண்டும். போலீஸில் சூதாட்ட விடுதிகளிடமும் விபசார விடுதிகளிடமும் வசூலித்த பணம் மேலிருந்து கீழ்வரை பங்கு பிரிக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த அதிகாரிக்கு அந்த வசூலை ஒரு பேருந்தாகக் காட்டி அறிவுரை சொல்வார்களாம்: ஏறிக்கொள்ள விரும்பினால் ஏறிக்கொள், விருப்பமில்லையென்றால் பக்கத்தில் ஓடிவா, முன்னால் போய் நின்று மறிக்க மட்டும் நினைக்காதே.

1973இல் பீட்டர் காட்பர் என்ற தலைமைப் போலீஸ் கண்காணிப்பாளர் மாட்டினார். அவரிடம் இருந்த சொத்தின் மதிப்பு 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல். 1952 முதல் அவர் வாங்கிய மொத்தச் சம்பளத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. கணக்குக் காட்ட ஒரு வாரம் அவகாசம் கொடுத்து ஜூன் 4 அன்று நோட்டீஸ் போனது. ஜூன் 8 அன்று அவர் தம் போலீஸ் அடையாள அட்டையைக் காட்டி, குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி விமானம் ஏறி இங்கிலாந்து போய்விட்டார். விசாரித்தவர்களும் போலீஸ், தப்பியவரும் போலீஸ், வழிவிட்டதும் போலீஸ் அட்டை. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். விக்டோரியா பூங்காவில் நடந்த பேரணியின் கோரிக்கை எளியது: ஊழலை எதிர்ப்போம், காட்பரைப் பிடித்து வா.

ஆளுநர் மர்ரே மேக்லிஹோஸ் நீதிபதி பிளேர்–கெர்ரை விசாரிக்கச் சொன்னார். அறிக்கை வந்த பின், லஞ்ச விசாரணையைப் போலீஸின் கையிலிருந்து எடுத்து 1974 பிப்ரவரி 15 அன்று ஊழலுக்கு எதிரான சுயேச்சை ஆணையத்தை (ஐசிஏசி) நிறுவினார். அதன் முதல் பெரிய வேலை காட்பரைத் திருப்பிக் கொண்டுவருவது. இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. கணக்குக் காட்டாத சொத்து வைத்திருப்பது ஹாங்காங்கில் குற்றம், இங்கிலாந்தில் குற்றமில்லை. ஆகவே 43 லட்சத்தைக் காட்டி அவரை ஒப்படைக்கச் சொல்ல முடியவில்லை. ஒரு பதவி நியமனத்துக்காக அவர் வாங்கிய 25,000 டாலர் லஞ்சத்துக்குச் சாட்சி கிடைத்த பிறகே 1975 ஜனவரியில் அவர் கொண்டுவரப்பட்டார். கிடைத்த தண்டனை 4 ஆண்டு சிறை.

இரண்டு பிறப்புக் கதைகளும் ஒரே பாடத்தில் முடிகின்றன: துறைக்குள் இருக்கும் கண்காணிப்புப் பிரிவு அந்தத் துறையின் ஊழலைப் பிடிக்காது. இந்தப் பாடத்தைக் கற்பித்தவர்கள்தான் வேறு. சிங்கப்பூரில் அரசே கண்டு அரசே முடிவெடுத்தது. ஹாங்காங்கில் தெருக் கோபம் அரசைத் தள்ளியது.

சட்டத்தில் ஒரே குடும்பம்

சட்டப் புத்தகத்தை விரித்தால் இரண்டும் பங்காளிகள் என்பது தெரியும். சிங்கப்பூரின் 1960 சட்டத்தின்படி, அரசோடு தொழில் தொடர்புள்ள ஒருவரிடமிருந்து அரசு ஊழியர் பணமோ பொருளோ வாங்கினால் அது லஞ்சம் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது வாங்கியவரின் பொறுப்பு. ஹாங்காங்கின் 1971 சட்டத்தின் 10ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வருமானத்துக்கு மீறிய சொத்தோ வாழ்க்கை வசதியோ இருந்து, திருப்தியான விளக்கம் தர முடியாவிட்டால் அதுவே தனிக் குற்றம். சிங்கப்பூரில் அத்தகைய சொத்து, வேறு சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கும் துணைச் சான்று மட்டுமே.

மாமூல்தானே, தொழிலில் எல்லாரும் செய்வதுதானே என்ற வாதத்துக்கு இரண்டு சட்டமும் கதவைச் சாத்திவிட்டன. தனியார் துறையும் இரண்டிலும் அடங்கும். கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் மேலாளர் முதலாளிக்குத் தெரியாமல் கமிஷன் வாங்கினால் அவரும் அரசு ஊழியரைப் போலவே கூண்டில் ஏற வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் போய் லஞ்சம் கொடுத்தாலும் உள்ளூரில் கொடுத்தது போலவே கருதப்படும். அங்கே சிறையும் அபராதமும் போக, வாங்கிய லஞ்சத்துக்கு ஈடான தொகையையும் கட்டச் சொல்கிறது சட்டம்.

சட்டத்தின் கடுமை மட்டுமே வெற்றிக்குக் காரணமென்றால் 1971இலேயே ஹாங்காங் திருந்தியிருக்க வேண்டும். அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதுதான் காட்பர் விமானம் ஏறினார். சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் பழைய ஆட்கள் என்பதால் அது படுத்துக் கிடந்தது. அவர்களை மாற்றிய மூன்றே ஆண்டுகளில் அதே பிரிவுகள் எழுந்து நடமாடின. சட்டக் கட்சிக்காரர்கள் இந்த மூன்று ஆண்டுகளைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சாவி யாரிடம்?

சிபிஐபி சிங்கப்பூர்ப் பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் இயக்குநர் நேரே பிரதமரிடம் பேசுகிறார். எந்த அமைச்சரும், எந்தத் துறைச் செயலரும் குறுக்கே வர முடியாது என்பது இதன் பெரிய வசதி. பிரதமரே குறுக்கே வந்தால் என்ன செய்வது? அதற்கு 1991 அரசியல் சட்டத் திருத்தம் ஒரு பக்கவழி வைத்தது. பிரதமர் விசாரணைக்கு இசைவு தராவிட்டாலும், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அதிபர் ஒப்பினால் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம்.

ஹாங்காங்கில் ஆணையர் அன்று ஆளுநருக்கும் இன்று தலைமை நிர்வாகிக்கும் மட்டுமே பதில் சொல்கிறார். 1997இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பிய பிறகும் அந்தச் சுயேச்சை நிலையை அடிப்படைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு எழுத்தில் வைத்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சிங்கப்பூரின் ஏற்பாடும் இதுவும் ஒன்றே; இரண்டிலும் உச்சியில் ஒருவர்தான் இருக்கிறார். உள்ளே போனால் ஹாங்காங் கூடுதலாகப் பல கண்களை வைத்திருப்பது தெரியும். வெளியார் பெரும்பான்மையாக அமரும் செயல்பாட்டு மறுஆய்வுக் குழு விசாரணைகளைப் பார்வையிடுகிறது. ஒரு வழக்கை ஆணையம் தன்னிச்சையாக மூட்டை கட்டி வைக்க முடியாது. இந்தக் குழுவின் முன் வைக்க வேண்டும். ஆணையத்தின் அதிகாரிகளைப் பற்றியே புகார் வந்தால் அதைக் கவனிக்கவும் தனிக் குழு உண்டு.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, மேலிருந்து கீழே பார்க்கும் அமைப்பைக் கட்டியது. லண்டனில் நியமிக்கப்பட்டு வந்த ஆளுநர், மக்களை உள்ளே இழுக்கும் அமைப்பைக் கட்டினார். யோசித்தால் இது இயல்பே. லீ குவான் யூவுக்கு வாக்குப் பெட்டியிலிருந்து வந்த செல்வாக்கு இருந்தது. நாங்கள் சுத்தமானவர்கள், எங்களை நம்புங்கள் என்று சொல்ல அவரால் முடிந்தது. மேக்லிஹோஸுக்கு அப்படி ஒரு கையிருப்பு கிடையாது. நம்பிக்கையை அவர் புதிதாக, புகார் புகாராகச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

தெருவை நோக்கித் திறந்த கதவு

அந்தச் சம்பாத்தியத்துக்காக ஐசிஏசியை மூன்று பிரிவுகளாக அமைத்தார்கள். ஒன்று துப்புத் துலக்கிக் கைது செய்வது. இரண்டாவது தடுப்புப் பிரிவு: உரிமம் கொடுக்கும் முறை, ஒப்பந்தப்புள்ளி கேட்கும் முறை, ஆய்வாளர் சோதனைக்குப் போகும் முறை என ஒவ்வொரு துறையின் நடைமுறையையும் எடுத்துவைத்து, காசு கைமாறுவதற்கு இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அடைப்பது. மூன்றாவது மக்கள் தொடர்புப் பிரிவு. பேட்டைகளில் கிளை அலுவலகங்கள் திறந்தார்கள். பெரிய கட்டடத்துக்குப் போகக் கூச்சப்படுபவர் காய்கறி வாங்கப் போகிற வழியில் உள்ளே வந்து சொல்லலாம். பள்ளிகளுக்குப் போனார்கள். தொலைக்காட்சியில் ஐசிஏசியின் வழக்குகளை நாடகத் தொடராக எடுத்தார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் பெயர் சொல்ல அஞ்சி மொட்டைக் கடிதம் போட்ட ஊரில், இன்று புகார் தருவோரில் பெரும்பாலோர் பெயரைச் சொல்லியே தருகிறார்கள். மக்களின் நம்பிக்கை வளர்ந்ததை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

சிங்கப்பூரின் சிபிஐபி இதோடு ஒப்பிட மிகச் சிறியது. ஐசிஏசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள். சிபிஐபியின் அளவு சில நூறு. சிங்கப்பூரிலும் தடுப்பு வேலை நடக்கிறது, பள்ளிகளுக்கும் போகிறார்கள். ஆனால் நடைமுறைகளைச் சீர்படுத்தும் பெரும்பங்கை அந்தந்தத் துறைகளே செய்தன. சிவப்பு நாடாவை வெட்டினால் லஞ்சத்துக்கு வேலை இல்லை என்ற எண்ணம் நிர்வாகம் முழுவதும் பரவியிருந்ததால், தனிப் படை தேவைப்படவில்லை.

மக்களை நம்பிய ஹாங்காங் வழிக்கு 1977இல் கடுமையான சோதனை வந்தது. போலீஸில் கைதுகள் பெருகப் பெருக வெறுப்பும் பெருகியது. அக்டோபர் 28 அன்று ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள். அவர்களில் ஒரு கும்பல் ஐசிஏசி அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களை அடித்தது. சட்டம் ஒழுங்கைக் காப்பவர்களே கலகம் செய்தால் ஆளுநர் யாரை அழைப்பார்? ஒரு வாரத்தில் மேக்லிஹோஸ் இறங்கிவந்தார். 1977 ஜனவரி 1க்கு முன் நடந்த குற்றங்களைப் பெரும்பாலும் கிளறப்போவதில்லை என்று அறிவித்தார்.

ஐசிஏசியின் முதுகெலும்பை முறித்துவிட்டார்கள் என்று அன்று பலர் சொன்னார்கள். அடுத்து வந்த ஆண்டுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. பழைய பாவங்களுக்குக் கோடு போட்டதால், தப்பிக்க வழியில்லாமல் ஒன்றுதிரண்டவர்கள் கலைந்தார்கள். புதிதாக வாங்க நினைத்தவனுக்கோ மன்னிப்பு இல்லை. கூட்டு வசூல் முறை உடைந்தது. நீதியின் தராசில் இது குறைதான். ஊரைத் திருத்தும் வேலையில் அது ஒரு விலை. சிங்கப்பூருக்கு இப்படி ஒரு விலை கொடுக்க நேரவில்லை. அங்கே போலீஸுக்குப் பின்னால் நிற்க ஆளில்லை. அரசுக்குப் பின்னால் வாக்காளர் நின்றார்கள்.

சம்பளம்: தலைகீழாகச் சொல்லப்படும் கதை

சிங்கப்பூர் என்றதும் உடனே வரும் பேச்சு அமைச்சர்களின் சம்பளம். 1994இல் தனியார் துறையின் உச்ச ஊதியங்களோடு அமைச்சர் ஊதியத்தைப் பிணைத்தார்கள். 2012இல் குறைத்த பிறகும் புதிதாகப் பதவியேற்கும் அமைச்சருக்கு ஆண்டுக்குச் சுமார் 11 லட்சம் வெள்ளி என்பது அளவுகோல். நல்ல சம்பளம் கொடுத்தார்கள், ஊழல் போயிற்று என்று நம் மேடைகளிலும் சொல்லப்படுகிறது.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை தலைகீழ். 1959இல் பதவிக்கு வந்த அரசு, கஜானா காலியாக இருந்ததால் அரசு ஊழியர்களின் படிகளைக் குறைத்தது. கடுமையான சட்டமும் துப்புத் துலக்கலும் சம்பளம் குறைந்திருந்த அந்த அறுபதுகளில்தான் வேலை செய்தன. ஊதிய உயர்வு எழுபதுகளில் பொருளாதாரம் வளர்ந்த பிறகு தொடங்கியது. ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கவும், திறமைசாலிகள் தனியாருக்குப் போகாமல் தடுக்கவும் சம்பளம் உதவியிருக்கலாம். வீட்டைக் கழுவியது சம்பளம் அல்ல. பிடிபடும் அச்சம் இல்லாத இடத்தில் சம்பளத்தை உயர்த்தினால், வாங்குகிறவன் இரண்டையும் வாங்கிக்கொள்வான்.

பெரிய மனிதர்கள் கூண்டில்

இத்தகைய அமைப்பின் உண்மையான பரீட்சை, உச்சியில் இருப்பவர் மீது புகார் வரும்போதுதான் நடக்கும். சிங்கப்பூரில் 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான் மீது விசாரணை வந்தது. நில விவகாரங்களில் உதவுவதற்காக இரண்டு முறை லஞ்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அவர் பிரதமரைச் சந்திக்கக் கேட்டார். விசாரணை முடியும்வரை பார்க்க முடியாது என்று லீ மறுத்துவிட்டார். வழக்குத் தொடரும் முன்பே, அந்த டிசம்பரில் தே தற்கொலை செய்துகொண்டார். பிரதமர் கதவைச் சாத்தியதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அவர் திறந்திருந்தால் அமைப்பின் கதி வேறாகியிருக்கும்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, தமிழ் வம்சாவளி அமைச்சர் எஸ். ஈஸ்வரன் வழக்கு வந்தது. 2023 ஜூலையில் சிபிஐபி முறையான விசாரணைக்குப் பிரதமர் லீ சியன் லூங்கின் இசைவைக் கேட்டது, அவர் கொடுத்தார், போக்குவரத்து அமைச்சராக இருந்த ஈஸ்வரன் கைதானார். ஃபார்முலா 1 பந்தய டிக்கெட்டுகள், நாடக டிக்கெட்டுகள், மது, சைக்கிள், விமானப் பயணம் என்று தொழிலதிபர்களிடம் பெற்றவற்றின் மதிப்பு 4 லட்சம் வெள்ளிக்கு மேல். முதலில் சுமத்தப்பட்ட ஊழல் குற்றச்சாட்டுகள் பின்னர் மாற்றப்பட்டன. அலுவல் தொடர்புள்ளவரிடமிருந்து மதிப்புள்ள பொருள் பெற்றதையும் நீதிக்கு இடையூறு செய்ததையும் அவர் ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு கேட்டது 6 முதல் 7 மாதம். 2024 அக்டோபரில் நீதிபதி கொடுத்தது 12 மாதம். பொது ஊழியர் மீதுள்ள நம்பிக்கைக்கு நேர்ந்த சேதத்தை அரசுத் தரப்பைவிட நீதிமன்றம் கனமாக எடைபோட்டது.

ஹாங்காங்கில் கூண்டேறியவர்களின் பதவி இன்னும் உயரம். அரசின் இரண்டாம் இடமான தலைமைச் செயலர் பதவியில் இருந்த ரஃபேல் ஹுயிக்கு 2014இல் ஏழரை ஆண்டு சிறை. அவருக்கு லஞ்சம் கொடுத்த பெரும் கட்டுமான நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரும் சிறை போனார். 2005 முதல் 2012 வரை தலைமை நிர்வாகியாக இருந்த டொனால்ட் ட்ஸாங் 2017இல் தண்டிக்கப்பட்டார். ஒரு வானொலி நிறுவனத்தின் உரிமம் தம் முன்னால் இருந்தபோது, அந்த நிறுவனத்தின் பெரும்பங்குதாரரோடு ஷென்ஜென் நகர் வீடு ஒன்றின் வாடகை குறித்துப் பேசிக்கொண்டிருந்ததை மறைத்தார் என்பது குற்றம். தண்டனை முழுவதையும் அனுபவித்த பிறகு, 2019இல் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஊரின் தலைவரையே கூண்டில் ஏற்றவும், குறையுள்ள தீர்ப்பென்றால் பின்னர் தள்ளவும் முடிந்தது அந்த அமைப்பின் வலு.

ஆனால் இரண்டு ஊரிலும் உச்சி தப்பிவிட்ட இடங்களையும் பார்க்க வேண்டும். ஹாங்காங் லஞ்சச் சட்டத்தின் 3, 8 ஆகிய பிரிவுகள் மற்ற அரசு ஊழியர்களுக்குப் பொருந்துகின்றன. தலைமை நிர்வாகிக்குப் பொருந்துவதில்லை. 2012இல் முன்னாள் தலைமை நீதிபதி ஆண்ட்ரூ லி தலைமையிலான குழு அவரையும் சேர்க்கச் சொன்னது. அதற்கடுத்து வந்த அரசுகள் அதை ஆறப்போட்டன. சிங்கப்பூரில், கெப்பல் நிறுவனத்தின் துணை நிறுவனம் பிரேசிலில் பல ஆண்டுகள் லஞ்சம் கொடுத்து, 2017இல் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளோடு 42.2 கோடி அமெரிக்க டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. 2023இல் சிபிஐபி அதன் முன்னாள் ஊழியர்கள் ஆறு பேருக்குக் கொடுத்தது கடும் எச்சரிக்கை மட்டுமே. சான்று போதவில்லை என்பது அரசின் விளக்கம். அரசு சார்ந்த பெரிய நிறுவனம் என்பதால் நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. மறுஆய்வு செய்ய வெளியார் குழு ஒன்று அங்கே இல்லாததால் பதில் அரசின் வாய்மொழியோடு நின்றுபோனது.

காவல்காரருக்குக் காவல்

2013இல் சிபிஐபியின் உதவி இயக்குநர் ஒருவரே அலுவலகப் பணம் 17 லட்சம் வெள்ளிக்கு மேல் கையாடிய வழக்கில் பிடிபட்டார். மறு ஆண்டு 10 ஆண்டு சிறை. அதே 2013இல் ஹாங்காங்கின் முன்னாள் ஆணையர் டிமோத்தி டாங், சீன அதிகாரிகளுக்கு ஆடம்பர விருந்து கொடுத்தும் பரிசளித்தும் ஆணையத்தின் பணத்தைச் செலவழித்தார் என்ற சர்ச்சை வெடித்தது. சட்டமன்றமும் தணிக்கைத் துறையும் பிடித்து உலுக்கின. 2016இல் வழக்குத் தொடரப் போவதில்லை என்று அரசு முடிவெடுத்தது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு வினோதம் தெரிகிறது. சிங்கப்பூரில் திருட்டு நேரடியான ரகம். தண்டனை விரைந்தது, விவாதம் குறைவு. ஹாங்காங்கில் குற்றம் கணக்கில் சிக்காத நடத்தை. விவாதம் ஊரே அறிய நடந்தது, தண்டனை வரவில்லை. விரைவு ஒருவரிடமும் வெளிச்சம் மற்றவரிடமும் இருந்தன. இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததில்லை.

ஹாங்காங்கில் அந்த வெளிச்சமும் அண்மைக் காலத்தில் மங்கிவருகிறது. 2021இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, வெற்று வாக்குப் போடவோ வாக்களிக்காமல் இருக்கவோ மக்களைத் தூண்டுவதைக் குற்றமாக்கினார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் ஆட்களைத் தேடிப் பிடிக்கும் வேலை ஐசிஏசிக்குப் போனது. வெளிநாடு போய்விட்ட எதிர்க்கட்சியினர் மீதும் அது பிடியாணை பெற்றது. தண்ணிக் காசு கேட்ட தீயணைப்பு வீரனைப் பிடிப்பதற்காகப் பிறந்த அமைப்பு, சமூக ஊடகப் பதிவு போட்டவரைத் தேடுகிறது. அமைப்பின் கூர்மையில் மாற்றமில்லை. அதைப் பிடித்திருக்கும் கையின் நோக்கத்தில்தான் மாற்றம்.

எது மேல்?

எடுத்துக்கொள்ளும் காலத்தை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். ஆளும் தலைமை சுத்தமாக இருக்கும் காலத்தில் சிங்கப்பூர் முறை குறைந்த செலவில் வேகமாக வேலை செய்கிறது. தலைமையின் குணம் மாறினால் அதைத் தாங்க அங்கே இருப்பது அதிபர் என்ற ஒற்றைத் தூண். அந்தத் தூணின் மீது இதுவரை முழுப் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை. அதனால் அதன் வலிமை ஏட்டளவிலேயே நிற்கிறது.

ஹாங்காங் முறை தலைமையின் குணத்தை நம்பிப் பிறக்கவில்லை. அதனாலேயே, அடுத்து வரும் ஆட்சி எதுவானாலும் அது நிற்கும் என்று நினைத்தார்கள். குழுக்களும் கிளை அலுவலகங்களும் பெயர் சொல்லும் புகார்தாரரும் அடிமட்ட லஞ்சத்தை இன்றும் தடுக்கிறார்கள். அந்த வேர் ஆழமானது. ஆனால் மறுஆய்வுக் குழு உறுப்பினர்களையும் நியமிப்பவர் தலைமை நிர்வாகிதான். மக்களை உள்ளே அழைத்த அமைப்பு, மக்கள் தேர்ந்தெடுக்காத தலைமையைக் கட்டுப்படுத்தும் வழியை மட்டும் கட்டாமல் விட்டது. ஐம்பது ஆண்டுகளாக அந்த ஓட்டை அங்கேயே இருக்கிறது.

ஆகவே இவ்விரண்டையும் பார்த்துப் படியெடுக்க நினைக்கும் எந்த அரசுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில், எந்தத் துறையின் மீது புகாரோ அந்தத் துறையிலிருந்து விசாரணையை வெளியே எடுக்க வேண்டும். இது இரண்டு ஊர்களுக்கும் பொது. அடுத்து, விசாரணையைத் தொடங்கும் அனுமதியும் மூடும் அனுமதியும் ஒரே கையில் இருக்கக் கூடாது. இது ஹாங்காங் கற்றுக்கொடுத்தது. மூன்றாவது, அந்த அனுமதியைக் கொடுக்கிறவரையே விசாரிக்க இன்னொரு வழி எழுத்தில் இருக்க வேண்டும். இதற்குச் சிங்கப்பூர் பாதி விடை சொல்லியிருக்கிறது. சம்பளமும் தண்டனையின் நீளமும் இவற்றுக்குப் பிறகே வருகின்றன. பெரும்பாலான நாடுகள் கடைசியில் உள்ளதிலிருந்து தொடங்குகின்றன. அதனால்தான் கடுமையான சட்டங்கள் நிறைய இருக்கின்றன, சிங்கப்பூர்களும் ஹாங்காங்களும் குறைவாக இருக்கின்றன.